கையில் பை இல்லாத கூட்டம்

புதிதாகத் தோல்பை மாட்டியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். நான் விருப்ப ஓய்வில் வந்த கண்டக்டர். விருப்பம் என்னுடையதா, நிர்வாகத்துடையதா என்பதை இரண்டு தரப்பும் இன்னும் பேசித் தீர்த்துக்கொள்ளவில்லை. டிக்கெட் மெஷின், டிக்கெட் கணக்கு எழுதுகிற வே பில், லக்கேஜ் கட்டணம் எல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். என்னிடம் கேட்டால் தப்பாகத்தான் சொல்வேன். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்து புத்தகம் படித்தே பணிக்காலத்தை ஓட்டியவன் நான். படித்தது எதுவும் வேலைக்கு உதவவில்லை. உதவவில்லை என்பதைக் கொஞ்சம் நல்ல தமிழில் சொல்ல முடிகிறது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது ஸ்டாப்பில் நிற்கிற கூட்டத்தைப் பற்றி. கூட்டத்தைப் பார்த்ததும் நமக்கு மனசு குளிர்ந்துவிடும். வசூல் கூடினால் பேட்டா கூடும் என்பதால் கண்டக்டரின் கண்ணுக்குத் தலைகள் தெரியாது, டிக்கெட்டுகள்தான் தெரியும். இந்த வியாதி எனக்கு முற்றிய நிலையில் இருந்தது. அதை வைத்துத்தான் இந்தக் கதை.

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற வண்டி. கோடை. ரோட்டோரமெல்லாம் மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்தார்கள். வண்டி போகிற காற்றுக்கு அந்தக் காரம் ஜன்னல் வழியே ஏறி, பாதிப் பேர் தும்மிக்கொண்டேதான் டிக்கெட் கேட்பார்கள். அந்தக் கோடையில் எல்லார் போனிலும் பிள்ளை பிடிக்கிறவன் வந்து உட்கார்ந்திருந்தான். ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிற குரல், ஒரு லாரி நிறையக் குழந்தைகள் என்று ஒரு படம், கடைசியில் ‘உங்கள் பிள்ளைகளுக்காகப் பகிருங்கள்’ என்று ஒரு வரி. எங்கே நடந்தது என்று கேட்டால் பக்கத்து ஊர் என்பார்கள். நான் தினமும் அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்வருகிறவன். அங்கே போய்க் கேட்டால், நான் முதலில் கேட்ட ஊரைக் கைகாட்டினார்கள். இவ்வளவு தெரிந்தும் என் வீட்டு கேட்டுக்கு இரண்டாவது பூட்டு வாங்கிப் போட்டேன். பேரன் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

அன்று காலைப் பத்து மணி நடையில் நால்வர் உங்களுக்கு முக்கியம்.

ஒருவர் மைதீன் பாய். கோவில்பட்டிக்காரர். புதியம்புத்தூரில் தைக்கிற குழந்தைகள் கவுன், ஜட்டி, சின்னப் பாவாடை எல்லாம் எடுத்து ஊர் ஊராகக் கடைகளுக்குப் போடுகிறவர். அவர் அப்பா காலத்திலிருந்தே தொழில் அதுதான். இந்த ரூட்டில் புதிதாகக் கடை பிடிக்க அன்றைக்குத்தான் முதல்தடவை வந்திருந்தார். பெரிய கட்டைப்பை, வாய் மூடாமல் கவுனின் ஜரிகை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது, முத்துலட்சுமி என்கிற பெண். மடியில் இரண்டு வயதுப் பிள்ளை. பிள்ளை வெக்கையில் விடாமல் அழுதது.

மூன்றாவது, ஒரு உரக்கடைக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. எனக்குத் தினமும் காலை வணக்கம் என்று ரோஜாப் பூ அனுப்புகிறவர்களில் அவரும் ஒருவர். அவருடைய ஊர் வாட்ஸப் க்ரூப்புக்கு அவர்தான் அட்மின்.

நான்காவது, ஒரு வடநாட்டுக்காரர். வத்தல் காய்கிற நேரத்தில் விற்பதற்காக நீலத் தார்ப்பாய்களை மடித்துத் தோளில் சுமந்து வந்திருந்தார். தமிழில் அவருக்கு விலை மட்டும்தான் தெரியும். அவர் புளியமரத்து விலக்கில் இறங்கிக்கொண்டார். விலக்கு என்றால் உங்களுக்குத் தெரியும், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற இடம்; அங்கே ஸ்டாப் உண்டு, ஊர் இருக்காது. உண்மையான பெயரைப் போட்டால் அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள் என்பதால் இந்தப் பெயரை நானே வைத்தேன். அடுத்த ஸ்டாப்புக்குத் தண்ணித்தொட்டி விலக்கு என்று பெயர்.

புளியமரத்து விலக்குக்குக் கொஞ்சம் முன்னால்தான் பாய் திரும்பி, அழுகிற பிள்ளையிடம் ஒரு கடலைமிட்டாயை நீட்டினார்.

“வாங்கிக்கோடா ராசா. அழுதா வாய்தான் வலிக்கும்.”

பிள்ளை வாங்கிக்கொண்டது. அழுகை நின்றது. முத்துலட்சுமி சிரித்தாள். நானும் இரண்டு சீட் தள்ளி நின்று, அப்பாடா என்று நினைத்தேன். உரக்கடைக்காரர் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் தோன்றியிருக்காது. இப்போதெல்லாம் மனிதர்கள் போனைத் தூக்கிப் பிடிப்பது மூக்கைச் சொறிவது மாதிரி ஆகிவிட்டது.

அவர் போட்டது இதுதான், பிறகு என்னிடமே காட்டினார்: ‘பஸ்ஸில் யாரோ ஒருவர் குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிறார். பை நிறையக் குழந்தைகள் துணி. எதுக்கும் உஷாரா இருக்கணுமோ?’ படத்தில் முகம் இல்லை. ஒரு வெள்ளைச் சட்டைக் கை, மிட்டாய், பிள்ளை, கட்டைப்பையின் வாய். அடுத்த க்ரூப்புக்குப் போனபோது கேள்வி உதிர்ந்துபோனது. அதற்கடுத்த க்ரூப்பில் நம்ம வண்டியின் நம்பர் சேர்ந்துகொண்டது.

நாங்கள் தண்ணித்தொட்டி விலக்கை நெருங்கினோம். அங்கே எப்போதும் இரண்டு கிழவர்களும் ஒரு ஆடும்தான் நிற்கும். அன்று அறுபது, எழுபது பேர். எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்கிறீர்கள்? ஏதோ கல்யாண வீடு போல என்று நினைத்தேன். வாயெல்லாம் பல்லாக ஒரு விசில் கொடுத்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“நிப்பாட்டணுமாவே?”

“கூட்டத்தப் பாரும் அண்ணாச்சி. இன்னைக்கு நம்ம நாளு.”

நிறுத்தினார். வண்டி நின்ற பிறகுதான் கவனித்தேன். ஒருவர் கையிலும் பை இல்லை. மஞ்சப்பை இல்லை, வயர்கூடை இல்லை, தண்ணி பாட்டில்கூட இல்லை. எல்லார் கையிலும் போன் இருந்தது. சிலர் மறுகையில் கம்பு வைத்திருந்தார்கள்.

நீங்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். பயணத்துக்கு வருகிறவன் கையில் ஏதாவது ஒன்றைப் பிடித்திருப்பான். கையில் பை இல்லாத கூட்டத்துக்கு விசில் கொடுக்காதீர்கள். இந்தப் பாடத்தைப் பயிற்சியில் சொல்ல மாட்டார்கள். நான் ஒருவன்தான் சம்பாதித்து வைத்திருக்கிறேன்.

முன்கதவையும் பின்கதவையும் இழுத்துக் கொக்கி மாட்டினேன். வண்டியின் தகரத்தில் அடி விழ ஆரம்பித்தது. ஒருவன் ஜன்னல் வழியே போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“இது ஒம்ம வண்டிதான?”

“அரசாங்கத்து வண்டிப்பா.”

“வெளாடாதீரும். அவன எறக்கும்.”

“யார?”

“பிள்ள புடிக்கிறவன. மிட்டாய் குடுக்கான் பாரும். மயக்க மருந்து வச்ச மிட்டாய்.”

படத்தைப் பார்த்தேன். எட்டுப் பத்து செகண்டு இருக்கும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது. கை நீளும், பிள்ளை வாங்கும், கை நீளும், பிள்ளை வாங்கும். நான் நேரில் பார்த்த காட்சிதான். ஆனால் அப்படித் திரும்பத் திரும்ப ஓடும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அந்தக் கை மீது ஒரு கணம் சந்தேகம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். பாய் சீட்டில் ஒடுங்கிவிட்டார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பின்சீட்டுக்காரர்கள் ஜன்னல்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உரக்கடைக்காரர் கையிலிருந்த போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

முதலில் கண்ணாடி உடையும், பிறகு ஆள் உள்ளே வருவான், அதன்பிறகு எல்லாரும் வருவார்கள். அதற்குள் என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிந்த ஒரே உண்மை, வெள்ளைச் சட்டையோடு கையில் வே பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரை நம் ஜனங்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து எல்லாரும் தங்கள் டிக்கெட்டைத்தான் தேடுவார்கள். பாயை எழுப்பி என் சீட்டில் உட்கார வைத்தேன். வே பில்லையும் பேனாவையும் கையில் திணித்தேன். கட்டைப்பையை டிரைவருக்குப் பின்னால் ஸ்டெப்னியோடு சேர்த்துத் தள்ளி, என் துண்டைப் போர்த்தினேன்.

“பாய், இனிமே நீங்க செக்கிங். மொகத்தக் கொஞ்சம் கடுமையா வச்சுக்கோங்க.”

“எனக்கு அது வராதே அண்ணாச்சி.”

“வராட்டா பரவால்ல. குனிஞ்சு எதையாவது எழுதிக்கிட்டே இருங்க.”

அவர் எழுத ஆரம்பித்தார். அந்த வே பில் முழுக்கத் தன் பிள்ளைகளின் பெயர்களைத்தான் எழுதியிருந்தார் என்று மறுநாள் டிப்போவில் எனக்கு மெமோ கொடுத்தபோது தெரிந்தது.

ஜன்னலில் போன் நீட்டியவனிடம் பேசினேன். எழுபது பேர் ஏறினால் வண்டியில் இருக்கிற பிள்ளைகள்தான் நசுங்கும், ரெண்டு பேர் மட்டும் ஏறி நீங்களே தேடிப் பாருங்கள் என்றேன். இதுவரை நான் எடுத்த முடிவுகளில் இது ஒன்றைத்தான் சரி என்று தயங்காமல் சொல்வேன். கதவை முழுவதும் அடைத்தால் உடைப்பார்கள், முழுவதும் திறந்தால் நுழைவார்கள். ரெண்டு பேர் என்றதும் அந்த ரெண்டு பேர் யார் என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அதில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டோம்.

ஏறிய இருவரில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தான். லைவ் போகிறதாம். திரையில் இதயங்கள் பறந்துகொண்டிருந்தன. பாயைத் தாண்டி வந்தார்கள். ஒருவன் செக்கிங்குக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கூட நின்றான். நேராகப் பிள்ளையிடம் போனார்கள்.

“அக்கா, பிள்ளைக்கு மிட்டாய் குடுத்தவன் எங்க?”

முத்துலட்சுமி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். “அவிய நல்ல மனுசம்பா. பிள்ள அழுதுச்சு, ஒரு மிட்டாய் குடுத்தாவ. அதுக்குப் போயி.”

“நீ பயப்படாதக்கா.”

“எனக்கு என்ன பயம்? நாந்தான பெத்தவ? நாந்தான சொல்லுதேன்?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லைவ் போட்டவன் போனைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னான். “பாத்தீங்களா மக்களே, அம்மாவையும் மயக்கிட்டான். அவனுக்கே பேசுது இந்தக்கா.”

பெற்றவள் அங்கே உட்கார்ந்து, தன் பிள்ளை மடியில் இருக்க, நடந்ததைத் தன் வாயால் சொல்கிறாள். அவர்கள் அதை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள். முத்துலட்சுமிக்கு அது புரிந்துவிட்டது. என்னைவிட வேகமாகப் புரிந்தது. அவள் குரலை மாற்றிக்கொண்டாள்.

“சரிப்பா. எனக்கென்னமோ மாதிரிதான் இருக்கு. அந்த ஆளு அப்பவே எறங்கிப் போயிட்டாம்லா.”

“எங்கன?”

“புளியமரத்து விலக்குல.”

இதை மட்டும் உடனே நம்பினார்கள். மறு கேள்வி இல்லை. லைவ் போட்டவன் போனுக்குள் கத்தினான். “புளியமரத்து விலக்குல எறங்கிட்டான்லே. பையோட எறங்கிட்டான். அங்கன இருக்கவங்க உடனே போங்க.” அதற்குள் கீழே பைக்குகள் ஸ்டார்ட் ஆகிவிட்டன.

என் விசில் வாயில்தான் இருந்தது. எல்லாரையும்விட ஒரு விஷயம் எனக்குக் கூடுதலாகத் தெரியும். புளியமரத்து விலக்கில் ஒரு ஆள் இறங்கியிருந்தார். டிக்கெட் கொடுத்தவன் நான். தோளில் தார்ப்பாய் மூட்டையோடு அந்த வெயிலில் ஊருக்குள் நடந்துகொண்டிருப்பார்.

அங்கே யாரும் இறங்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படியானால் மிட்டாய் கொடுத்தவன் எங்கே என்று கேட்பார்கள். எனக்கு இரண்டு அடி தள்ளி பாய் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒருவரைக் காட்டாமல் இன்னொருவரைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. புத்தகம் புத்தகமாகப் படித்திருக்கிறேன். ஒரு வாக்கியம் வரவில்லை. நான் இரண்டு விசில் கொடுத்தேன். இருவரும் குதித்து இறங்கினார்கள். வண்டி கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும் டிரைவரிடம் போய் நின்றேன்.

“வண்டியத் திருப்பணும் அண்ணாச்சி.”

“எங்கன?”

“புளியமரத்து விலக்குக்கு.”

“எதையும் விட்டுட்டு வந்துட்டீரா?”

“ஒரு ஆள.”

அவர் கியரை மாற்றி வேகத்தைக் குறைத்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. இருபது வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே விமரிசனம், “நீரு வே பில்ல விட்டுட்டுப் புஸ்தகத்தப் பாரும்” என்பதுதான்.

“டிப்போல கேட்டா?”

“நான் சொல்லுதேன்.”

“எழுத்துல?”

“எழுத்துலயே தாரேன்.”

கருவேலஞ்செடிகளை நசுக்கிக்கொண்டு அந்தக் குறுகிய ரோட்டில் வண்டியை வளைத்துத் திருப்பினார். உள்ளே பயணிகள் சத்தம் போட்டார்கள். ஒருவருக்குப் பத்திரப் பதிவு, ஒருவருக்குச் சாவு வீடு. பாய் எழுந்து என்னிடம் வந்தார்.

“என்னைய இங்கனயே எறக்கிவிட்டுருங்க அண்ணாச்சி. என்னால வண்டிக்கு எடைஞ்சல்.”

“எறங்கி எங்க போவீங்க? ரோடு பூரா போனுதான் நிக்கி. எழுதிக்கிட்டே இருங்க.”

ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் நல்லபடியாகத்தான் பேசினார். ஜீப் வேறொரு ஊருக்குப் போயிருக்கிறது, அங்கேயும் இதே விவகாரம்தான், வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். முத்துலட்சுமி நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

“அங்கன யாரும் எறங்குனாவளா அண்ணாச்சி?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“நான் வாய்க்கு வந்த எடத்தச் சொன்னேன். எனக்குத் தெரியாதே.”

உரக்கடைக்காரர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், “நான் உஷார்னு மட்டும்தான் போட்டேன். இப்ப அழிச்சிட்டேன். தவறான தகவல்னும் போட்டுட்டேன்.” அதற்கு வந்திருந்த பதிலையும் காட்டினார். ‘அண்ணாச்சியை மிரட்டி எழுத வச்சிருக்காங்க. நண்பர்களே, விட்டுடாதீங்க.’ தான் ஆரம்பித்த க்ரூப்பிலேயே தன் பேச்சு எடுபடவில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அவரைத் திட்ட வேண்டும் என்று இருந்தது. ஆனால் அந்த அழுகைக் குரலை நம்பி இரண்டாவது பூட்டு வாங்கியவன் யார்?

விலக்கில் தார்ப்பாய்கள் ரோட்டில் விரிந்து கிடந்தன. மடிப்புக்குள் பிள்ளை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை இல்லை. பிள்ளையை எங்கே ஒளித்தாய் என்று கேட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் கீழே கிடந்தார். விலை சொல்ல மட்டும் தெரிந்த தமிழில் “நூத்தம்பது, நூத்தம்பது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறு எதைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் ஒரு கை போனுக்குப் போய்விட்டது. அடிக்க ஒரு கைதான் மிச்சம். அந்த மனிதர் உயிர் பிழைத்தது அதனால்தான் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. சிலர் அடிக்காமல், அடிப்பவனுக்கு வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் ஹாரனை அழுத்தியபடி வண்டியை ஊர்ந்து ஊர்ந்து கூட்டத்துக்குள்ளேயே விட்டார். எவ்வளவு வெறியில் இருந்தாலும் நம்ம ஜனங்கள் கவர்ன்மெண்ட் பஸ்ஸுக்கு ஒதுங்கிவிடுவார்கள். அது பழக்கம், சிறுவயதிலிருந்தே உடம்பில் ஏறியது. ஒதுங்கினார்கள். நான் விசிலை ஊதிக்கொண்டே இறங்கினேன். என் காக்கிச் சட்டையைப் பார்த்துப் பாதிப் பேர் போலீஸ் என்று நினைத்தார்கள். பக்கத்தில் வந்து பார்த்து ஏமாந்தார்கள்.

அந்த இடத்தில் நியாயம் பேசினால் என்ன ஆகும் என்று முத்துலட்சுமியின் சீட்டருகில் நின்று பார்த்திருந்தேன். இவன் பாவம் என்றால் நானும் மயக்கப்பட்டவன், இல்லாவிட்டால் கூட்டாளி. அதனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இருக்கிற குரலையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

“பிள்ள புடிக்கிறவன நான் ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறேன். தூக்கி வண்டில போடுங்க. வழிய விடுங்க.”

கைதட்டினார்கள். அடித்தவர்களே ஆளைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். ஒருவன் எனக்குக் கைகொடுத்தான். “சூப்பர் அண்ணாச்சி” என்றான். எல்லாப் போனும் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கதவை அடைத்துக் கொக்கி போட்டேன். இரண்டு விசில் கொடுக்க உதடு குவியவில்லை, தகரத்தைத் தட்டித்தான் டிரைவருக்குச் சொன்னேன்.

பாய் செக்கிங் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். ஸ்டெப்னி பக்கம் போய்த் தன் கட்டைப்பையை இழுத்தார். புதுக் கவுன் ஒன்றை எடுத்து அந்த மனிதரின் தலையில் அழுத்திப் பிடித்தார். அது நனைந்ததும் இன்னொன்று. முத்துலட்சுமி பிள்ளையை உரக்கடைக்காரர் மடியில் உட்கார வைத்துவிட்டு, அந்தத் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள்.

“இது எனக்கு வரவேண்டிய அடிலா அண்ணாச்சி,” என்றார் பாய். என்னைப் பார்க்காமல் சொன்னார். அதன்பிறகு ஆஸ்பத்திரி வரை வண்டியை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பத்திரப் பதிவுக்காரர்கூட.

தார்ப்பாய்க்காரர் பெயர் சோட்டேலால். ஒரு கையும் ஒரு தாடையும் உடைந்திருந்தன. பிழைத்துக்கொண்டார். போலீஸ் சிலரைப் பிடித்தது, வழக்கு நடக்கிறது. எனக்கு டிப்போவில் தடம் மாறி வண்டி ஓட்டியதற்கு ஒரு மெமோ, வே பில்லில் கண்ட கண்ட பெயர்களை எழுதியதற்கு ஒரு மெமோ. இரண்டுக்கும் எழுத்திலேயே பதில் கொடுத்தேன். தொழிலைப் பொறுத்தவரை இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். பாயும் சோட்டேலாலும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்லி, உங்களுக்கு இரண்டு அறிவுரையும் சொல்லிவிட்டு நான் பெருமையாக உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் விலக்கில் எடுத்த அந்த வீடியோவுக்கு ஓய்வு வயது இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருதரம் எங்கிருந்தாவது கிளம்பி வருகிறது. யாரோ அதற்கு இசை போட்டு, நான் வண்டியிலிருந்து இறங்குவதை மெதுவாக ஓடவிட்டிருக்கிறார்கள். ஹீரோ இறங்குவது போல இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். தொந்திதான் முதலில் இறங்குகிறது. சோட்டேலாலின் முகம் ரத்தத்தோடு பெரிதாக வருகிறது. வேறு மாநிலத்தில் அவர் மொழியிலேயே எழுத்துப் போட்டு வந்ததாக உரக்கடைக்காரர் ஒருதரம் சொன்னார். சோட்டேலால் ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குப் போன பிறகு தகவல் இல்லை. எந்த ஊரில் போய் அவர் தோளில் மூட்டை வைத்தாலும், அவருக்கு முன்னால் அந்த முகம் போய் நின்றுகொண்டிருக்கும். அதை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அடித்தவர்கள் மட்டும் இல்லை. காக்கிச் சட்டை போட்ட ஒருவன் ‘பிள்ள புடிக்கிறவன’ என்று தெளிவாகச் சொல்கிற குரல் அதில் இருக்கிறது. அவரை உயிரோடு எடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். எனக்காகக் கேட்கவில்லை, உங்கள் வண்டியும் ஒருநாள் அப்படி ஒரு விலக்கில் நிற்கும்.

போன மாதம் எங்கள் வீட்டு க்ரூப்பில் அது வந்தது. அனுப்பியது என் மருமகள். வேலைக்குப் போகிற பெண், படித்த பெண், பிள்ளையைப் பற்றிய பயத்தில் திறந்து பார்க்காமலே அனுப்பியிருக்கிறாள். கூடவே ஒரு வரி: ‘மாமா, நம்ம ஏரியாதானாம். தம்பியை டியூஷனுக்குத் தனியா விடாதீங்க.’

நான் நிதானமாக டைப் செய்தேன். எனக்கு அது சுலபமில்லை, ஒற்றை விரல். ‘அம்மா, வீடியோவைத் திறந்து பார். அதில் இருப்பது நான்தான். அந்த ஆள் தார்ப்பாய் விற்கிறவர். ஒரு தப்பும் செய்யாதவர். அவரைக் காப்பாற்றுவதற்காக அன்றைக்கு நான் சொன்ன பொய் அது.’

நீலக் கோடுகள் விழுந்தன. அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்தது. வீடியோவையும் திறந்து பார்த்திருக்க வேண்டும். பிறகு பதில் வந்தது.

‘சரிதான் மாமா. ஆனா வீடியோல நீங்களே சொல்லுதீங்களே. எதுக்கும் பாத்து இருப்போம்.’

அன்று சாயங்காலம் பேரனை டியூஷனுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். முழு வழியும் அவன் கையை விடவில்லை. மருமகள் சொல்லிவிட்டாளே என்பதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.